தம்பியின் பார்வைக்கு ஆப்டோஜெனடிக்ஸ்: நிலத்தை விற்கலாமா?
தம்பியின் ஆப்டோஜெனடிக்ஸ் சிகிச்சைக்கு ஒரு ஏஜெண்ட் முன்பணம் கேட்கிறார், நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரையின் ஒளியுணர் செல்கள் மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோய்) உள்ள உங்கள் தம்பி பகலில் பஸ் எண் படிக்கிறார் என்றீர்களே, மரபணுவைச் செலுத்தி வேறு செல்களை ஒளியை உணரவைக்கும் ஆப்டோஜெனடிக்ஸ் அந்த நிலைக்கானது இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விஞ்ஞானி போடோண்ட் ரோஸ்காவும் பாரிஸின் கண் மருத்துவர் ஜோசே-அலன் சாஹெலும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையிழந்த 58 வயதுக்காரரின் ஒரு கண்ணில் பாசியிலிருந்து வந்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவைச் செலுத்தி, செத்துப்போன ஒளியுணர் செல்களுக்குப் பதிலாக, விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்களை வெளிச்சத்தை உணர வைத்தார்கள். பல மாதப் பயிற்சிக்கு அப்புறம், அதுவும் ஆம்பர் நிற ஒளி பாய்ச்சும் தனிக் கண்ணாடியை மாட்டினால்தான், மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தையும் டம்ளரையும் அவரால் தொட்டுக் காட்ட முடிந்தது. முகம் அடையாளம் தெரியுமளவு பார்வை இல்லை. தம்பிக்கு மரபணுப் பரிசோதனை செய்துவிட்டீர்களா? ஆர்பிஇ65 என்ற மரபணுவில் கோளாறு என்றால் அதற்கென்றே ஒரு சிகிச்சை 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது, மருத்துவரிடம் கேளுங்கள். முன்பணம் கேட்கும் அந்த ஏஜெண்டின் போனை இனி எடுக்காதீர்கள்.