கண்ணாடி மின்முனைக்குப் பதிலாக, பிஹெச் அளக்கும் உலோக ஆக்சைடு மின்முனையை நாமே செய்துகொள்ள முடியுமா? எந்த ஆக்சைடு ஏற்றது?

முடியும். சாதாரண வேதியியல் ஆய்வக வசதி இருந்தாலே நம்பகமான ஒன்றைச் செய்துவிடலாம். ஆன்டிமனி, ருத்தேனியம், டங்ஸ்டன், இரிடியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் ஆன்டிமனி மிகப் பழையது. கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கலந்த கரைசல்களில் அதற்கு இன்றும் இடமுண்டு. ஆனால் சிட்ரேட், டார்ட்ரேட் போன்றவை அதனுடன் அணைவுச் சேர்மமாகிவிடுவதால் அங்கே அளவு பிசகும். முதன்முறை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது, பிளாட்டினக் கம்பியின் மீது மின்னாற்பகுப்பு வழியே படியவைக்கும் இரிடியம் ஆக்சைடுதான். இரிடியம் உப்பு விலை மிகுந்தது என்றாலும் தேவைப்படும் அளவு மிகக் குறைவு.

பெரும்பாலோர் பின்பற்றுவது 1989இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா வெளியிட்ட செய்முறை. நிறம் மாறும் காட்சித் திரைகளுக்காக அவர் உருவாக்கிய அந்தக் கரைசல் பிஹெச் அளவியலுக்கே பெரிதும் கைகொடுத்தது. 100 மில்லிலிட்டர் நீரில் 0.15 கிராம் இரிடியம் டெட்ராகுளோரைடைக் கரைத்து, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லிலிட்டரும், பிறகு 0.5 கிராம் ஆக்சாலிக் அமிலமும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்க வேண்டும். அதன்பின் பிஹெச் 10.5ஐ எட்டும்வரை பொட்டாசியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் கரைசல் நுரைத்துப் பொங்கிவிடும். ஆக்சாலிக் அமிலம் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை அவசியம். மஞ்சளாக இருக்கும் கரைசல் அறை வெப்பநிலையில் இரண்டு நாள் வைத்திருந்தால் அடர்நீலமாகும். அந்த நிறம் வரும் முன் படியவைக்கத் தொடங்க வேண்டாம்.

கம்பியை நேர்மின்முனையாக்கி, சதுர சென்டிமீட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிஆம்பியர் வரையிலான சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால் கருநீலப் படலம் மெல்லப் படியும். மின்னோட்டம் கூடினால் ஆக்சிஜன் குமிழ்கள் எழும். குமிழ் ஒட்டியிருந்த இடத்தில் படலம் உருவாகாது.

என் அனுபவத்தில், மின்முனை கெடுவது பெரும்பாலும் படலத்தால் அல்ல, காப்பு உறையால்தான். உறைக்கும் கம்பிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கரைசல் அதற்குள் ஏறி, ஆக்சைடு மூடாத உலோகத்தைத் தொட்டுவிடும். அப்போது கிடைப்பது ஆக்சைடின் மின்னழுத்தம் அல்ல, ஆக்சைடும் வெற்று உலோகமும் சேர்ந்து தரும் கலவை மின்னழுத்தம். அது நிலையாக நிற்காது. ஆகவே கம்பியின் நுனியை மட்டும் விட்டு மற்றப் பகுதியை எப்பாக்சி பிசினால் மூடி, அது முழுமையாக இறுகிய பின்னரே படியவைக்க வேண்டும்.

புதிய படலத்தின் மின்னழுத்தம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரிரு நாள் தாங்கல் கரைசலில் (பிஹெச் எளிதில் மாறாத கரைசல்) ஊறவைத்த பிறகே அளவுத்திருத்தம் செய்யுங்கள். 25 டிகிரி செல்சியஸில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு தரும் சரிவு, அதாவது பிஹெச் மாறும்போது மின்னழுத்தம் மாறும் அளவு, ஒரு பிஹெச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட். மின்னாற் படிந்த இரிடியம் ஆக்சைடு 65 முதல் 75 வரை காட்டினால் பிழை என்று எண்ண வேண்டாம். இந்தப் படலம் நீரேறியது. அதில் ஓர் எலக்ட்ரான் மாறும்போது ஒன்றுக்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் அயனிகள் பங்கேற்பதால் சரிவு கூடுகிறது. ஆனால் கண்ணாடி மின்முனைக்கென வடிவமைத்த மீட்டர்களில் பல இந்தச் சரிவை ஏற்காது. மில்லிவோல்ட் அளவைக் குறித்துக்கொண்டு, நீங்களே வரைபடம் வரைந்து பிஹெச் கணக்கிடுவதே நல்லது.

இன்னொரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. செறிவான தாங்கல் கரைசலில் ஒடுக்கியான அஸ்கார்பிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்துப் பாருங்கள். கண்ணாடி மின்முனை ஏறக்குறைய அசையாது. இரிடியம் ஆக்சைடின் மின்னழுத்தமோ குறையும். எலக்ட்ரானைக் கடத்தும் எந்த ஆக்சைடும் ஆக்சிஜனேற்றிகளுக்கும் ஒடுக்கிகளுக்கும் இப்படி எதிர்வினை காட்டும். நாஃபியான் என்னும், நேர்மின் அயனிகளைக் கடத்தும் பாலிமரின் பூச்சு இதைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. பெர்மாங்கனேட், சல்ஃபைட் போன்றவை அளவு மாறிக்கொண்டே இருக்கும் கரைசலை அளப்பதே உங்கள் நோக்கம் என்றால், கண்ணாடி மின்முனையையே வைத்துக்கொள்ளுங்கள்.