'ஆவன செய்க' என்றால் என்ன செய்வார்கள்?

கேள்வி: பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துப் பல மாதங்களாகியும் ஒன்றும் நடக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு பக்கத்துக்கு மனு போட்டேன். 'கோரியவை தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். நல்ல தமிழில், மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். நகல் இணைத்துள்ளேன். எங்கே தவறு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முழுக்கப் படித்தேன். தமிழில் பிழையில்லை. ஆனால் சர்வே எண் எங்கே? விண்ணப்பித்த தேதி எங்கே? 'மேற்படி விண்ணப்பம்' என்று திரும்பத் திரும்ப வருகிறது; அதற்கு மேலே எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் நீங்கள் சொல்லவில்லை. முதல் பக்கம் முழுக்கப் பாகப்பிரிவினைக் கதை. தகவல் கேட்கக் காரணமே சொல்லத் தேவையில்லை என்கிறது 6(2) பிரிவு.

மனுவைக் கவிழ்த்தது கடைசிப் பத்தி: 'ஏன் இந்தத் தாமதம், இது நியாயமா, தயைகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.' 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பது. கோப்பில் இல்லாத விளக்கத்தையோ கருத்தையோ புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லிவிட்டது. 'நியாயமா' என்று கேட்டால் தட்டிக்கழிக்க நீங்களே வழிவிட்டதாகிறது.

இப்படிக் கேளுங்கள்: "இன்ன கிராமம், இன்ன சர்வே எண், உட்பிரிவு எண் தொடர்பாக, இன்ன தேதியில் நான் கொடுத்த இன்ன எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது இன்றுவரை எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல், கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் கொடுத்த அறிக்கைகளின் நகல், விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்த அலுவலரிடம் நிலுவையில் உள்ளது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்." நீங்கள் 'ஏன்' என்று கேட்டதற்கான விடை இந்தத் தாள்களில்தான் இருக்கும்.

'ஐயா, வணக்கம்' போதுமான மரியாதை. சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கும் இடத்தில் எதற்கு இந்தக் கெஞ்சல்? படித்தவர்களே இப்படி எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய மனுவை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்கு அலையாதீர்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் புதிதாகவே அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அப்போது போடுங்கள் 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு.