உண்ணிச்செடி (லண்டானா) குச்சியில் கூடை முடைவது போலப் பறவை உருவம் செய்தால், காய்ந்ததும் கோணிக்கொள்கிறதே, ஏன்?

பச்சைக் குச்சியை அப்படியே முடைந்தால் அதுதான் நடக்கும். ஈரம் வற்றக் குச்சி மெலியும், வரிசைகள் தளரும், உள்சட்டம் வலுவில்லை என்றால் உடம்பே ஒரு பக்கம் சாயும். நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் செய்யும் நிஜ அளவு உண்ணிக்குச்சி யானைகளுக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறது. ஓர் அடி அளவில் ஒரு கோழி உருவம் செய்ய இரும்பு தேவையில்லை. குச்சிச் சட்டமே தாங்கும்.

கிளைக்காத நீளத் தண்டுகளாகப் பார்த்து வெட்டுங்கள். காய் இருக்கும் கிளையை வேறிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், விதை பரவும். இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு, கழிவைத் தொழுவத்தருகே கொட்டக்கூடாது. வேலியோரப் புதரே போதும். காப்புக்காட்டில் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும்.

தடிமனைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் வேகவையுங்கள். நகத்தால் இழுத்தாலே தோல் உரிந்து வந்தால் அது பதம். சூட்டோடு உரித்து, சட்டத்துக்கான குச்சிகளை அப்போதே வளைத்துவிடுங்கள். மற்றவற்றை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, முடைவதற்கு முந்தைய இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒருமுறை சுருங்கி முடித்த குச்சி மறுபடி அவ்வளவு சுருங்காது.

கோழியின் உடல் உண்மையில் சட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது, இதில் அவசரமே கூடாது. 110 செ.மீ. நீளமுள்ள விரல் தடிமன் குச்சிகள் இரண்டை, முனைகள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தனித்தனி வளையமாகக் கட்டி, முட்டை வடிவுக்கு அமுக்குங்கள். ஒன்றை நிமிர்த்தி, மற்றதைப் படுக்கவைத்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால், கழுத்துப் பக்கமும் வால் பக்கமும் இரண்டு கூட்டல் குறி கிடைக்கும். அவற்றின் மேல் மெல்லிய குச்சியை நான்கு கைகளையும் சுற்றி எட்டுச் சுற்று இறுக்குங்கள். அந்தக் கட்டுக்குள் பென்சில் தடிமனில் விலாக்களை, அதாவது முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு வளைந்து போகும் குச்சிகளை, செருகவேண்டும்: மேலே பக்கத்துக்கு 3, கீழே பக்கத்துக்கு 4, அடிவயிற்றில் கூடுதலாக 1. வளையங்களின் நான்கு கைகளோடு மொத்தம் 19. ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒரு சுற்றில் ஒரு விலாவுக்கு மேலே போன ஊடுகுச்சி (குறுக்கே முடையும் குச்சி) அடுத்த சுற்றில் கீழே போகும். முன்கட்டில் ஐந்து விலா நுனிகளை ஒரு சாண் நீளம் விட்டுவையுங்கள், கழுத்து அவற்றில் எழும்பும்.

இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி முடையுங்கள். ஒரே முனையிலிருந்து போனால் இழுவை ஒருபக்கமாகி முதுகெலும்பு திருகிக்கொள்ளும். குச்சி தீர்ந்தால் அடியோடு அடி, நுனியோடு நுனி சேர்த்து, முனையை விலாவுக்குப் பின்னால் உள்பக்கம் மறையுங்கள். கணுவில் மடக்காதீர்கள், அங்கேதான் முறியும். வயிற்று விலா நீளம் என்பதால் முதுகு முதலில் நிரம்பி, வயிற்றில் பிளவு நிற்கும். அங்கே மட்டும் பாதியில் திரும்பி வரும் வரிசைகள் போடவேண்டும்.

அந்தப் பிளவை உடனே மூடிவிடாதீர்கள். இரண்டு வாரம் காற்றோட்டமான நிழலில் வைத்து, தளர்ந்த வரிசைகளைக் குத்தூசியால் முனைப்பக்கம் நெருக்குங்கள். நெருக்கியதில் கிடைக்கும் இடத்தில் இன்னும் சில வரிசைகள் பிடிக்கும். அதன்பின் மூடுங்கள்.