சிங்கப்பூர் இரவுப் பந்தயத்தில் எங்கே உட்காரலாம்? கேள்வி பதில்

சிங்கப்பூர் மெரினா பேயில் நடக்கும் ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. 2008-ல் நடந்த முதல் பந்தயத்திலிருந்து பெரும்பாலான வருஷங்கள் உள்ளே இருந்திருக்கிறேன் (2020, 2021-ல் பந்தயமே நடக்கவில்லை). வீண் செலவும் செய்திருக்கிறேன், அதில் கற்றதும் உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

அண்ணே, முதல் தடவை வர்றேன். மெயின் ஸ்ட்ரெயிட்ல உட்கார்ந்தா கார் 300-ஐத் தொடுற வேகத்துல போறதைப் பார்க்கலாம். அதானே பெஸ்ட்?

பார்க்கலாம் தம்பி, கண்ணைச் சிமிட்டாமல் இருந்தால். அந்த வேகத்தில் கார் உங்கள் எதிரே இருப்பது இரண்டு மூன்று விநாடி. யார் போனார் என்று ஹெல்மெட்டை அடையாளம் பார்ப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். 62 சுற்று இப்படியே இடமும் வலமும் தலையைத் திருப்பினால் கழுத்து வலிதான் மிச்சம்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கார் வேகம் எடுக்கும் இடத்தில் உட்காராதீர்கள், பிரேக் பிடிக்கும் இடத்தில் உட்காருங்கள். நேர்ச்சாலையின் முடிவில் ஒருவர் முன்னால் பிரேக் போடுகிறார், இன்னொருவர் கொஞ்சம் தாமதித்துப் போடுகிறார். முந்துவது, மோதுவது, டயர் சுழலாமல் பூட்டிப் புகை கிளம்புவது எல்லாம் அந்தச் சில மீட்டருக்குள்தான். மெரினா பேயில் அப்படிப்பட்ட முக்கிய இடங்கள் டர்ன் 1, டர்ன் 7, டர்ன் 14 (டர்ன் என்றால் வளைவு).

இன்னொன்று: ஸ்டாண்டிலிருந்து பெரிய திரை தெரிகிறதா என்று பாருங்கள். ஓடுபாதை சுமார் 4.9 கிலோமீட்டர், நீங்கள் பார்ப்பது அதில் சில நூறு மீட்டர். திரை தெரியாவிட்டால் யார் எத்தனாவது இடம் என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்போ பிட் கிராண்ட்ஸ்டாண்டுக்குக் கொட்டுற காசு தண்டமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பிட் என்பது பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்றக் கார்கள் வந்து நிற்கும் இடம். அங்கே பார்க்க வேண்டியது ஓடுகிற கார் இல்லை, நிற்கிற கார். 2008-ல் முன்னிலையில் இருந்த மாஸா பிட்டிலிருந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கிக்கொண்டே கிளம்பிவிட்டார். ஃபெராரி மெக்கானிக்குகள் பிட் பாதையின் கடைசிவரை ஓடினார்கள். 2010-ல் கோவலைனனின் லோட்டஸ் பற்றி எரிந்தபடி வந்து பிட் நேர்ச்சாலையில் நின்றது, அவரே தீயணைப்பானை வாங்கி அணைத்தார். இரண்டுமே பிட் எதிரில் இருந்தவர்களுக்குக் கிடைத்த காட்சி. ஸ்டார்ட், டயர் மாற்றம், மேடையில் பரிசளிப்பு எல்லாம் கண்ணெதிரே.

எடுப்பதானால் உங்கள் அணியின் கராஜ் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து எடுங்கள். முந்தைய ஆண்டு அணிகளுக்கான பட்டியலில் வந்த வரிசையை ஒட்டித்தான் பெரும்பாலும் பிட் வரிசையும் அமையும். மெக்லாரன் ரசிகர் கடைசி அணியின் கராஜுக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

டர்ன் 1-ஆ, டர்ன் 7-ஆ? ஒண்ணே ஒண்ணுதான் எடுக்க முடியும்னா?

இதில்தான் நண்பர்களோடு வருஷா வருஷம் சண்டை.

டர்ன் 1-க்கு ‘ஷியர்ஸ்’ என்று பெயர், சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸின் நினைவாக. முதல் சுற்றில் எல்லாக் காரும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன இடுக்குக்குள் நுழையப் பார்க்கும். 2017-ல் மழை ஈரத்தில் வெட்டல், வெர்ஸ்டாப்பன், ராய்க்கோனன் மூவரும் ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் மோதிக்கொண்டு, மூவருமே முதல் சுற்றோடு காலி. டர்ன் 1 ஸ்டாண்டில் இருந்தவர்கள் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஸ்டார்ட் ஒருமுறைதான். டர்ன் 7 ராத்திரி முழுக்க வேலை செய்யும். ராஃபிள்ஸ் புலவார்டில் முழு வேகத்தில் வந்து போர் நினைவுச்சின்னம் பக்கம் இடதுபுறம் ஒடிக்க வேண்டும். 2010-ல் சேஃப்டி கார் (விபத்து நேர்ந்தால் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்) விலகிய பிறகு வெப்பரை முந்தப் போன ஹாமில்டன் முட்டிக்கொண்டு வெளியேறியது இங்கேதான். சேஃப்டி கார் என்றதும் ஒரு கணக்கு: 2008 முதல் 2023 வரை நடந்த எல்லாச் சிங்கப்பூர் பந்தயத்திலும் அது வந்திருக்கிறது, 2024-ல்தான் முதன்முறையாக வரவில்லை. சேஃப்டி கார் போனதும் கூட்டமாக வரும் கார்கள் எங்கே பிரேக் பிடிக்கும் என்று யோசித்தால் என் ஓட்டு டர்ன் 7-க்கு, அதாவது ஸ்டாம்ஃபர்ட் ஸ்டாண்டுக்கு.

டர்ன் 14-ஐயும் தள்ளிவிடாதீர்கள். 2012-ல் ஷூமாக்கர் பிரேக் போடத் தாமதித்து வெர்னின் பின்னால் போய் இடித்தது அங்கே. எஸ்பிளனேட் டிரைவ் முடிகிற இடம், கானாட் ஸ்டாண்ட். டர்ன் 1 அளவுக்குப் பெயர் எடுக்காத இடம், எனக்குப் பிடித்த இடம்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்கு வரணுமா? ஞாயிறு மட்டும் போதாதா?

ஞாயிறு யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவார் என்பதை முடிவு செய்வதுதான் தகுதிச் சுற்று. 2023-ல் சைன்ஸ், 2024-ல் நோரிஸ், 2025-ல் ரஸல். மூவருமே முதலிடத்திலிருந்து கிளம்பி முதலிடத்திலேயே முடித்தவர்கள். சுவருக்கு நடுவே ஓடும் தெருப் பாதையில் முந்துவது அவ்வளவு கஷ்டம். அதனால் பாதிப் பந்தயம் சனிக்கிழமையே முடிந்துவிடுகிறது. தகுதிச் சுற்றில் எல்லா ஓட்டுநரும் சுவரை உரசுகிற மாதிரி ஓட்டுவார்கள். டயரைக் காப்பாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் அதற்கு உறை போடக் காணாது.

2026-ல் சிங்கப்பூருக்கு முதல்முறையாக ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயம் வருகிறது. வெள்ளி ராத்திரி ஸ்பிரின்ட்டுக்கான தகுதிச் சுற்று, சனிக்கிழமை ஸ்பிரின்ட்டும் முக்கியத் தகுதிச் சுற்றும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை பயிற்சி மட்டும்தான், வராவிட்டாலும் நஷ்டமில்லை என்பேன். இந்த முறை மூன்று நாள் டிக்கெட்டுக்குக் காசு தகும். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஸ்டாண்ட் என்று சேர்த்து விற்கும் டிக்கெட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

கையில காசு கம்மி. ஸோன் 4 வாக்கபவுட் எடுத்தா ஏமாந்துருவோமா?

சீட்டு கிடையாது, நின்று பார்க்கிற டிக்கெட், அதனால்தான் மலிவு. பந்தய வளாகத்தைப் பிரித்த பகுதிகள்தான் ஸோன்; ஸோன் 4-ஐத் தாண்டி உள்ளே போகவும் முடியாது. எல்லா ஸோனுக்கும் போகிற பிரீமியர் வாக்கபவுட் வேறு, விலையும் வேறு.

நான் மூன்று தடவை ஸோன் 4-ல் நின்றிருக்கிறேன். பந்தயம் ராத்திரி 8 மணிக்கு, நம்ம ஊர் நேரம் மாலை 5.30. ஏழு மணிக்குச் சாவகாசமாக வந்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். மேடை போட்ட இடங்களில் சீக்கிரமே போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருவராகப் போனால் ஒருவர் சாப்பாடு வாங்க, ஒருவர் இடம் காக்க. தனியாகப் போன வருஷம் தண்ணீர் வாங்கப் போய் இடத்தைத் தொலைத்தேன்.

ஆண்டர்சன் பாலம் பக்கம் நின்று பாருங்கள். 1910-ல் கட்டிய இரும்புப் பாலம், அதன் வளைவுகளுக்குக் கீழே நுழைந்து கார்கள் வரிசையாகப் போகும். முந்துவது எதுவும் நடக்காது, ஆனால் சத்தம் நெஞ்சில் அடிக்கும். பெரிய கச்சேரிகள் நடக்கும் பாடாங் மைதானத்து மேடையும் ஸோன் 4-ல்தான்; கச்சேரிக்காகவே வருகிற கூட்டமும் உண்டு.

அம்மாவுக்கு 70 வயசு, பையனுக்கு 7. எங்க உட்கார வைக்கிறது?

பாடாங் ஸ்டாண்ட். சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் நடை குறைவு. எதிரே பழைய உச்ச நீதிமன்றமும் சிட்டி ஹாலும் விளக்கொளியில் நிற்க, நடுவில் கார்கள் ஓடும். பந்தயம் புரியாதவர்களுக்கும் சலிக்காது. அந்தச் சாலையின் முடிவில் இருக்கும் டர்ன் 10-ல்தான் 2023-ல் ரஸல் கடைசிச் சுற்றில் சுவரில் இடித்து மூன்றாமிடத்தைக் கோட்டைவிட்டார்.

அம்மாவுக்கு நடைபாதையை ஒட்டிய சீட்டு, கீழ் வரிசையாக இருந்தாலும் பரவாயில்லை. ஏறி இறங்குவதுதான் அவர்களுக்குச் சிரமம். பையனுக்குக் காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் போடுங்கள், பஞ்சு போதாது. 2014-ல் வந்த ஹைபிரிட் எஞ்சின்கள் பழைய வி8 அளவுக்கு அலறாது என்றாலும், இரண்டு பக்கமும் கட்டடம் இருக்கிற தெருவில் சத்தம் எதிரொலிக்கும்.

மேல் வரிசையா, கீழ் வரிசையா?

மேலே. கீழே உட்கார்ந்தால் பாதுகாப்புக் கம்பிவலை வழியாகத்தான் பார்க்க வேண்டும், போட்டோ எடுத்தால் வலைதான் தெளிவாக விழும்.

என் மாமா 2019-ல பே கிராண்ட்ஸ்டாண்ட்ல உட்கார்ந்தாராம், மலிவு, அருமைன்னார். எங்க தேடியும் காணோமே?

கிடைக்காது. மிதக்கும் மேடைக்கு எதிரே இருந்த 27,000 இருக்கை ஸ்டாண்ட் அது. கார்கள் ஸ்டாண்டின் அடியிலேயே புகுந்து போகும். அந்த இடத்தை மறுபடி கட்ட எடுத்துக்கொண்டதால் 2023-ல் பழைய 16 முதல் 19 வரையிலான நான்கு வளைவுகளையும் நீக்கி நேர்ச்சாலை ஆக்கிவிட்டார்கள். 23 வளைவு 19 ஆனது, 61 சுற்று 62 ஆனது. பழைய படத்தை வைத்து டர்ன் எண் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள், டர்ன் 16-க்கு மேல் எல்லா எண்ணும் மாறிவிட்டது.

மழை வந்தா?

நனைய வேண்டியதுதான். பெரும்பாலான ஸ்டாண்டுக்குக் கூரை கிடையாது. 2022-ல் மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ரெயின்கோட் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டில் குடை விரித்தால் பின்வரிசையில் இருந்து ஆறு மொழியில் திட்டு விழும். மழை இல்லாவிட்டாலும் வேர்த்துக் கொட்டும், ஜீன்ஸ் வேண்டாம்.

சென்னை தீவுத்திடல் ராத்திரி ரேஸ் 2024-ல பார்த்தேன். அது மாதிரிதான் இருக்குமா?

தெருவில் விளக்கு போட்டு ஓட்டுகிற விஷயத்தில் ஒரே ஜாதி. சென்னைப் பாதை சுமார் 3.5 கிலோமீட்டர், இது ஐந்தை நெருங்கும். இங்கே ஒரு ஸ்டாண்டிலிருந்து இன்னொரு முனைக்குக் கூட்டத்தில் நடக்க அரைமணி ஆகிவிடும். பிட் பக்கம் டிக்கெட் வைத்துக்கொண்டு சிட்டி ஹாலில் இறங்கி வியர்க்க விறுவிறுக்க ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிட், டர்ன் 1 பக்கத்துக்குப் பிராமினாட் அல்லது நிக்கல் ஹைவேயில் இறங்குங்கள்.

சிங்கப்பூர் ஃபிளையர்ல ஏறி மேலிருந்து முழுசாப் பார்த்துடலாமே அண்ணே?

165 மீட்டர் உயரம், ஸோன் 1-க்குள்ளேயே நிற்கிறது, நல்ல யோசனைதான். ஒரு சுற்றுக்கு அரைமணி ஆகும், மேலிருந்து கார்கள் தீக்குச்சித் தலை அளவுக்குத் தெரியும். துணைப் பந்தயம் ஏதாவது நடக்கும்போது ஏறி இறங்குங்கள். எட்டு மணிக்குச் சீட்டில் இருங்கள்.