பூங்கா வளவுக்குள் கம்பஸ் கட்டடம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் பெரிய மரங்கள் நிற்கிற வளவில் பல்கலைக்கழகக் கட்டடம் எழுப்புவதைப் பற்றிக் கேட்கச் சொன்னேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும்?

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறது, அதனால் நண்பகல் வெயில் தலைக்கு மேலே, அதைக் கூரை பார்த்துக்கொள்ளும். வில்லங்கம் காலையிலும் பின்னேரத்திலும் சரிந்து வருகிற வெயில்தான். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி, ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேற்குப் பக்கத்தைப் படிக்கட்டுக்கும் கழிவறைக்கும் கொடுத்துவிடுங்கள். அறை உயரத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் அகலம் போனால் காற்று குறுக்கே ஓடாது.

நடுவில் ஒரு கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம். எவ்வளவு தள்ளி அத்திவாரம் வெட்டலாம்?

நெஞ்சளவு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். விட்டம் 1 மீட்டர் என்றால் சுற்றிவர 12 மீட்டருக்கு மண்ணைத் தொடக்கூடாது. எல்லோரும் ஆணிவேரையே நினைக்கிறார்கள், மரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிற வேர்கள் பெரும்பாலும் மேல் 60 சென்ரிமீட்டருக்குள்தான் பரவிக் கிடக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மரத்தில் ஒருவரும் கத்தி வைக்கவில்லை. நல்ல நிழல் என்று அதன் கீழேயே மணலும் சீமெந்தும் இறக்கினார்கள், லொறியும் அங்கேதான் திரும்பியது. மண் இறுகி, மூன்றாம் வருஷம் உச்சிக் கிளைகள் மொட்டையாகிவிட்டன! வேலியை முதல் நாளே அடியுங்கள், மரத்துக்கென்று காசு ஒதுக்குவதெல்லாம் அப்புறம்.

மழைநீர் சேகரிக்கலாமா? எங்கள் பகுதியில் பீலிக்குள் நுளம்புக் குடம்பி கண்டுபிடித்தார்கள்.

மரத்தடிக் கூரையில் பீலி வைத்தால் அது இலைத் தொட்டிதான், இந்த ஊரில் அதற்குப் பெயர் டெங்கு. பீலியே வேண்டாம். கூரையை 1.2 மீட்டராவது வெளியே நீட்டி, தண்ணீர் நேரே கீழே சல்லி நிரப்பிய கானில் விழட்டும், அங்கிருந்து வடிகட்டி, மூடிய தாங்கிக்குப் போகட்டும், காற்றுக் குழாயின் வாயில் நுண்வலை கட்டாயம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லீட்டர். கொழும்பில் வருஷத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது, 500 சதுர மீட்டர்க் கூரையில் 12 லட்சம் லீட்டர் விழும். சிந்தியது போக மிஞ்சுவதே கழிவறைக்கும் தோட்டத்துக்கும் பெரிய உதவி.

சோலர்?

மர நிழல் விழுகிற கூரையில் வேண்டாம். ஒரு பனலில் நிழல் விழுந்தால் அதோடு தொடராக இணைத்தவையும் சேர்ந்து படுத்துவிடும். வாகனத் தரிப்பிடக் கூரையில் போடுங்கள்.

ஜன்னல் காற்றே போதும் என்றால் நூலகத்துக்கும் ஏ.சி. இல்லையா?

அதற்கு வேண்டும், இந்த ஈரப்பதனில் புத்தகங்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். புத்தக அறையை மட்டும் சிறிதாக அடைத்துக் குளிரூட்டுங்கள். வாசிக்கிறவர்களுக்கு விறாந்தையும் மின்விசிறியும் போதும்.

நேரில் போய்ப் பார்க்க ஓரிடம் சொல்லுங்களேன்.

மாத்தறைக்குப் பக்கத்தில் ருகுணு பல்கலைக்கழகம், 1980களில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. ஒரே பெட்டியாகக் கட்டாமல், 50க்கு மேற்பட்ட கட்டடங்களாகக் குன்றுச் சரிவுகளில் பிரித்து, கூரை போட்ட நடைபாதைகளால் இணைத்திருக்கிறார். மழை நாளாகப் பார்த்துப் போய், எந்த இடத்தில் நனைகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.