வணிகனின் பெருமூச்சு

அன்புள்ள ஐயா,

நவராத்திரி ஒன்பது நாளும் தேவி மாகாத்மியம் படித்தேன். குடும்ப வீட்டில் எனக்குள்ள பங்கைத் தம்பிமார் எழுதி வாங்கிவிட்டார்கள். இப்போது பேச்சும் இல்லை. புத்தகத்தை மூடினால் அவர்கள் முகம்தான் வருகிறது. ஒரு நேரம் ஆத்திரம், ஒரு நேரம் சின்னவனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறதோ என்ற கவலை. அசுரர்களை வெட்டிச் சாய்க்கிற கதையில் மனசு மாற என்ன இருக்கிறது? நான் படிக்கும் முறை தப்பா?

(களியக்காவிளை வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அக்கா,

தப்பே இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அந்த நூலின் முதல் அத்தியாயம். மார்க்கண்டேய புராணத்துக்குள் 13 அத்தியாயம், 700 மந்திரம் என்று இருக்கும் இந்த நூலில் அசுரன் வருவதற்கு முன்பே இரண்டு மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். நாட்டைப் பறிகொடுத்த சுரதன் என்ற ராஜா. பணத்தாசையில் மனைவியும் மக்களும் விரட்டிவிட்ட சமாதி என்ற வணிகன். காட்டில் மேதஸ் முனிவரின் ஆசிரமத்தில் சந்திக்கிறார்கள். ராஜாவுக்கு, தன் பட்டத்து யானை எதிரிகளிடம் என்ன தின்கிறதோ என்று கவலை. வணிகனுக்கு, பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்களா என்று. 'விரட்டினவர்கள்மேல் ஏன் இந்தப் பாசம்?' என்று ராஜா கேட்க, 'என்ன செய்வேன், என் மனம் கல்லாக மாட்டேன் என்கிறதே' என்கிறான். சின்னவனின் சர்க்கரையைப் பற்றி நீங்கள் எழுதின வரியைப் படித்ததும் எனக்கு இவன்தான் ஞாபகம் வந்தான்.

முனிவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. பறவைகளைப் பாருங்கள், தான் பசியில் வாடினாலும் குஞ்சின் அலகில் தானியத்தை வைக்கிறது என்கிறார். ஞானிகளின் மனத்தையே மகாமாயை பலவந்தமாக இழுத்து மோகத்தில் தள்ளுகிறாள் என்கிறார். யார் அந்த மகாமாயை என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் அப்புறம் எல்லாப் போரும் வருகிறது. முதல் அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் வெட்டும் குத்துமாகத்தான் தெரியும்.

எட்டாம் அத்தியாயத்து ரக்தபீஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ரத்தம் ஒரு துளி மண்ணில் விழுந்தால் அவனைப் போலவே இன்னொருவன் எழும்புகிறான். வெட்ட வெட்டக் கூட்டம் பெருகுகிறது. தேவி, காளியை வாய் அகலத் திறக்கச் சொல்லி, துளி தரையில் விழுமுன் குடிக்க வைக்கிறாள். மனக்குறையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லச் சொல்ல அது எப்படி வளர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

எங்கள் அம்மை, 1956இல் குமரி தமிழகத்தோடு சேர்வதற்கு முன்னால், திருவிதாங்கூர் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். தேவி மாகாத்மியமும் அவளுக்கு மலையாள எழுத்தில்தான். அட்டை போன புத்தகம், விளக்கெண்ணெய் பட்டு ஓரமெல்லாம் பழுப்பு. ஐந்தாம் அத்தியாயத்தில் தேவர்கள் துதிக்கும் 'யா தேவீ ஸர்வபூதேஷு' வரும்போது ஒவ்வொரு வரிக்கும் விரல் நகரும். அறிவாக இருப்பவள், தூக்கமாக, பசியாக, நாணமாக, தாயாக இருப்பவள் என்று போய், அதற்கு அடுத்து 'ப்ராந்தி ரூபேண', மயக்கமாக இருப்பவள் என்று வரும். அங்கே விரல் நிற்கும். 'இதுவும் அவதான்' என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவாள். உங்களை ராத்திரி தூங்கவிடாத அந்தக் கவலையையும் தேவர்கள் கும்பிட்டிருக்கிறார்கள், அக்கா.

கடைசியில் இருவரும் ஆற்றங்கரையில் மண்ணால் தேவியைச் செய்து மூன்று வருடம் பூஜிக்கிறார்கள். 'நான்', 'எனது' என்ற பற்றை அறுக்கும் ஞானத்தை வணிகன் கேட்கிறான். ராஜா, போன நாட்டைக் கேட்கிறான். இருவருக்கும் கேட்டது கிடைக்கிறது. பங்கைக் கேட்பது பாவம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் சுரதனைக் காட்டுங்கள்.

மாசிக் கொடைக்கு மண்டைக்காடு வரும்போது அந்தப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். பகவதியைத் தொழுதுவிட்டு, கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைச் சேர்ந்து படிப்போம்.