நான் ஃபார்வர்ட்தானே செய்தேன்?

இந்த முறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த சட்டக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பிறர் எழுதியதை, பிறர் எடுத்த படத்தைப் பகிர்ந்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, எங்கள் கோயில் பொருளாளர் புரட்டாசி வசூலில் கைவைத்துவிட்டார் என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். நான் அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது. எழுதியவரை விட்டுவிட்டு என்னை ஏன் பிடிக்கிறார்கள்?

பதில்: எழுதியவருக்கும் நோட்டீஸ் போயிருக்கலாம். ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், அவதூறை வேறொருவர் முதலில் சொன்னார் என்பதால் திருப்பிச் சொன்னவர் தப்ப முடியாது. குழுவில் ஒருவர் படித்தாலே நீங்கள் வெளியிட்டவர் ஆகிவிடுகிறீர்கள். பெயரைக் கெடுக்கும் அந்தச் செய்தி தன்னைப் பற்றியது, அதை நீங்கள் வெளியிட்டீர்கள் என்று பொருளாளர் நிரூபித்தால் போதும். வேண்டுமென்றே, சட்டத்துக்குப் புறம்பாகச் செய்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. 'என்று பேசிக்கொள்கிறார்கள்' என்று சேர்த்திருந்தாலும் காப்பாற்றாது.

உண்மைதான் என்று வாதாடலாம். இங்கே உண்மை மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். கோயில் பணம் ஊர்ப்பணம், எனவே பொதுநன்மையைக் காட்டுவது கடினமில்லை. உண்மையைக் காட்டத்தான் கணக்குப் புத்தகமும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். உங்கள் கையில் இருக்கிறதா?

இல்லையென்றால் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். வக்கீலைப் பார்த்துப் பேசி, அதே குழுவில், அதே ஆட்கள் படிக்கும்படி வருத்தம் தெரிவியுங்கள். கோபத்தில் இன்னொரு வாய்ஸ் நோட் மட்டும் போட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்பதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஒரு துணைத் தலைமையாசிரியரின் முகத்தை ஆபாசமான படத்தில் ஒட்டிய பள்ளி மாணவர்கள் வழக்கில், உருவாக்கியவரோடு பரப்பியவர்களும் பொறுப்பாக்கப்பட்டார்கள். 2011இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இழப்பீட்டை 45,000 ராண்டிலிருந்து 25,000 ஆகக் குறைத்தது, ஆனால் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிட்டது.

கேள்வி (டோங்காட்): என் மனைவி என் முதல் மனைவியைப் பற்றித் தாறுமாறாக எழுதி என்னை டேக் செய்கிறாள். நான் எதுவும் எழுதவில்லையே?

பதில்: டேக்கை இன்றே எடுங்கள். இதே மாதிரி வழக்கில் 2013இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், தெரிந்தும் தன் பெயரை அதில் இருக்கவிட்ட கணவரையும் பொறுப்பாக்கியது. இழப்பீடு 40,000 ராண்ட்.

கேள்வி (மெரேபாங்க்): காவடித் திருவிழாவில் ஒருவர் எடுத்த அருமையான படத்தை எங்கள் புடவைக் கடைப் பக்கத்தில் போட்டேன், அவர் பெயரையும் போட்டேன். பணம் கேட்கிறார். நியாயமா?

பதில்: நியாயம்தான். பெயர் போடுவது மரியாதை, அது அனுமதி ஆகாது. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. சொந்தப் படிப்பு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு ஓரளவு விலக்கு உண்டு. கடை விளம்பரத்துக்கு இல்லை. அவர் பதிவை ஷேர் பொத்தானால் பகிர்வது ஒன்று, படத்தை இறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்றுவது வேறு. ஒரு செய்தி அனுப்பிக் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். உழைத்து எடுத்த படம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே பலருக்குத் தெரியாத ஒன்று: காசு கொடுத்து, ஆள் வைத்து எடுத்த கல்யாணப் படங்களின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். போட்டோகிராபர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் அந்த இடத்தைப் படியுங்கள்.

கேள்வி (வெருலம்): அவதூறுக்குப் போலீஸ் பிடிக்குமா? சின்னக் கோர்ட்டில் முடித்துக்கொள்ளலாமா?

பதில்: அவதூறு என்ற குற்றமே 2024இல் ரத்தாகிவிட்டது. சிவில் வழக்கு உண்டு, ஆனால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் எடுக்க மாட்டார்கள். பொதுவாக மூன்று வருடத்துக்குள் தொடுக்க வேண்டும்.

ஆனால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சைபர் குற்றச் சட்டத்தின்படி, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் அனுப்புவதும், வன்முறையைத் தூண்டும் செய்தி அனுப்புவதும் மூன்று வருடம் வரை சிறைக்குரியவை. 2021 ஜூலை கலவரத்தின்போது டர்பனின் பீனிக்ஸ் பகுதியைச் சுற்றிப் பறந்த வாய்ஸ் நோட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். நேரே போலீஸில் காட்டுங்கள்.